எழுபத்திரண்டு வாரம்

தமிழ்ச்செல்வி இதுவரை ஊசி போட்ட கோழிகளை வரிசையாக நிறுத்தினால் அந்த வரிசை எவ்வளவு தூரம் போகும் என்று ஒருநாள் டெம்போவில் பேச்சு வந்தது. "நாமக்கல்லுல மொதக் கோழி நின்னா, கடேசிக் கோழி மேட்டூர் டேம்ல தண்ணி குடிச்சுட்டு இருக்கும்" என்றாள் அவள். கூட இருந்த ஐந்து பெண்களில் ஒருத்திகூட மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? பத்தொன்பது வயதில் கையில் எடுத்த ஊசியை நாற்பத்து மூன்று வயதிலும் அவள் கீழே வைக்கவில்லை.

ஆறு பெண்கள் கொண்ட அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைவி. விடிந்ததும் டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கோழிப்பண்ணையில் இறக்கிவிடும். முகத்துக்குத் துணி, தலைக்குத் துண்டு. கூண்டுக்குள் கையை விட்டால் இடது கை கோழியின் இரண்டு றெக்கைகளையும் சேர்த்துப் பிடிக்கும், வலது கை தோலுக்கடியில் மருந்தை ஏற்றும், ஊசி போட்ட அடையாளத்துக்கு நீலச் சாயத்தில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். கோழி திரும்பக் கூண்டுக்குள் நின்றுகொண்டு என்ன நடந்தது என்று தலையைச் சாய்த்து யோசிக்கும்.

அவளுக்குப் புருசனாக வாய்த்த மாதேஸ்வரனின் பிழைப்பும் கோழிதான். ஆனால் மறுமுனையில். முட்டைக்கோழிக்கு எழுபத்திரண்டு வாரம் ஆனால் முட்டை குறைந்துவிடும், தின்கிற தீனிக்குக் கட்டாது. அன்றைக்கே பண்ணைக்காரர் அதைக் கழிவுக்கோழி என்று தள்ளிவிடுவார். அப்படித் தள்ளிய கோழிகளைக் கறிக்கடைகளுக்கு லாரியில் ஏற்றிவிடுகிற சுமைக்காரர் மாதேஸ்வரன். "வாங்க வாங்கன்னு கூப்புடறது இவ, போய்ட்டு வாங்கன்னு அனுப்பறது நானு" என்று கல்யாணம் காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொன்னதையே சொன்னாலும் சனங்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

அந்த மனிதரைத்தான் கொரோனா முதல் அலையிலேயே பிடித்தது. சுண்டக்காட்டுப்புதூரில் ஊர் மேற்கே, காலனி கிழக்கே, நடுவில் ஒரே ஒரு வண்டிப்பாதை. காலனியில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்று தெரிந்த அன்றைக்கே ஊர்க்காரர்கள் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அந்தப் பாதையின் வாயில் போட்டுவிட்டார்கள். ஊரில் நாலு வீட்டில் காய்ச்சல் இருந்ததே, அங்கே யார் முள் போட்டார்கள்? கேட்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. தமிழ்ச்செல்வியும், குழுவில் மூத்தவளான ஆத்தாயியும், இன்னும் இரண்டு பேரும் மாதேஸ்வரனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, சோளக்காட்டு வரப்பில் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த நிலையிலும் அவர் வாய் ஓயவில்லை. "அக்கட்டால போங்க, பள்ளம் இருக்குது, இக்கட்டால திரும்புங்க" என்று கட்டிலில் படுத்தபடியே வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

இருபத்தோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். நுரையீரல் பாதி போச்சு, சர்க்கரையும் இருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசிச் சொல் தமிழ்ச்செல்வியின் காதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அடுத்த வருசம் தடுப்பூசி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட வேண்டும் என்று துடித்தாள். தடுப்பூசி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே! வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து கோழிகள் செத்து விழுந்த பண்ணையையும் பார்த்தவள், ஊசி போட்டு அது வராமல் தப்பிய பண்ணையையும் பார்த்தவள்.

ஆனால் மாதேஸ்வரன் மாட்டேன் என்றார். சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொன்னார்.

"நாட்டுக்கோழிக்கு ஊசி போடறமா? இல்ல. அது அஞ்சு வருசம் ஊட்டைச் சுத்தி மேயுது. பண்ணைக்கோழிக்கு ஊசி மேல ஊசி. எழுபத்திரண்டாவது வாரம் நான்தானே லாரில ஏத்தறேன்? ஊசி போட்டா எழுபத்திரண்டு வாரந்தான் கெடு!"

"அது ஊசியால இல்லீங் மாமா, முட்டை கொறையறதால" என்றாள் தமிழ்ச்செல்வி. "நீங்க என்னிக்கு முட்டை போட்டீங்க, கொறையறதுக்கு? அதுவுமில்லாம அது பொறந்த நாள்லருந்து எண்ணற கணக்கு. உங்களுக்கு எழுபத்திரண்டு வாரம் ஒண்ணரை வயசுலயே முடிஞ்சு போச்சு."

"அதான் சொல்றேன். ஊசி போடல, தப்பிச்சுக்கிட்டேன்" என்றார் மாதேஸ்வரன்.

நீங்களும் நானும் சிரிக்கலாம். காலனியில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே பாதிப் பேர் பண்ணையில் வேலை செய்கிறவர்கள், எழுபத்திரண்டு வாரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். 'மாதேசு சொல்றதும் நெசந்தானே' என்று ஒவ்வொரு வீட்டிலும் தலையாட்டினார்கள். தேநீர்க்கடையில் படித்த பிள்ளைகள் செல்போனில் பார்த்துச் சொன்ன வதந்தியெல்லாம் இதற்கு முன்னால் கால்தூசு.

இரண்டாவது அலையில் காலனியில் இரண்டு உயிர் போயிற்று. பாதையில் மறுபடி முள் விழுந்தது. தமிழ்ச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மனுசனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊசி கிடைக்கிற வழியைப் பார்ப்போம் என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்குப் போனாள்.

முதல் தடவை போனபோது முகாம் முடிந்திருந்தது. டோக்கனை விடிகாலையில் பால் சொசைட்டியில் கொடுத்தார்களாம். காலனியில் ஒரு வீட்டில்கூடப் பால்மாடு கிடையாது. சொசைட்டிப் பக்கம் யார் போவார்கள், சேதி எப்படி வரும்?

இரண்டாம் தடவை டோக்கன் இருந்தது. செல்போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் பேர் பதியும் என்றார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அது மாதேஸ்வரனின் சட்டைப்பையில், சட்டை பனமரத்துப்பட்டிப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் போன் வாங்கிப் பேசினாள்.

"மாமா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. சொல்லுங்க."

"யாரு பேசறது?"

"நான்தானுங், தமிழு."

"நம்பரையெல்லாம் ஆருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காங்க."

"அட சாமி, நான் உங்க பொண்டாட்டி!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். தமிழ்ச்செல்விக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் விக்கல்தான் வரும் போலிருக்கிறது, வீடு வரைக்கும் விக்கிக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் தடவை ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, போனைப் பிடுங்கிக்கொண்டு, காலையிலேயே போய் நின்றாள். காலனிக்காரர்கள் அந்த ஓரமாக நில்லுங்கள் என்றார்கள், நின்றாள். ஊர் வரிசை முழுக்க முடிந்தபோது ஓரத்தில் மீதி இருந்தது நாலு பேர். ஊசி போட வந்த கிராம நர்ஸ் தமிழினி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், பேச்சிலேயே தெரிந்துவிடும்.

"அக்கா, ஒரு பாட்டில்ல பத்து பேருக்கு மருந்து. திறந்தா நாலு மணி நேரத்துல முடிச்சிடணும். உங்க நாலு பேருக்காகத் திறந்தா ஆறு பேரு மருந்தைக் கீழ ஊத்தணும். எனக்கு மெமோ குடுத்துடுவாங்க" என்றாள் தமிழினி.

மற்ற மூவரும் சத்தம் போட்டார்கள். தமிழ்ச்செல்வி போடவில்லை. வெள்ளைக்கழிச்சல் மருந்தைக் கலக்கினால் இரண்டு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும், கோழி தயாராக இல்லாமல் பாட்டிலைத் திறக்கிறவளை அவளே நாலு வார்த்தை திட்டுவாள். இந்தப் பெண் சொல்வது தொழில் பேச்சு. தொழிலுக்குத் தொழில் மரியாதை உண்டல்லவா?

"கண்ணு, பத்து பேரை நான் புடிச்சு வெச்சா எங்க காலனிக்கு வருவியா? ஏழு மணிக்கு மேல எங்க சனம் ஆரும் ஊட்டுல இருக்காது, விடியறப்ப வரோணும்."

தமிழினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "புதன்கிழமை காலையில அஞ்சரைக்கு வரேன்க்கா. ஏழு மணிக்கு நான் வேற ஊருக்குக் கிளம்பணும். பத்து பேரு இருக்கணும். ஒன்பது இருந்தாக்கூட திறக்க மாட்டேன்."

பேச்சு முடிந்தது. நாலு நாள் தமிழ்ச்செல்வி வீடு வீடாக அலைந்தாள். குழுவின் ஐந்து பெண்கள் சரி என்றார்கள். ஆத்தாயிக்குப் புருசன் இல்லை, மற்ற நாலு பேரின் வீட்டுக்காரர்களையும் கெஞ்சியும் மிரட்டியும் ஒப்புக்கொள்ள வைத்தாள். ஐந்தும் நாலும் ஒன்பது. மாதேஸ்வரன் பத்து. கணக்குச் சரியாக வந்ததும் விரலை மடக்கி மடக்கிச் சந்தோசப்பட்டாள்.

ஆத்தாயி மட்டும் கண்ணைச் சுருக்கினாள். "ஏந்தாயி, இந்தக் கணக்குல உன்னைய எங்க காணோம்?"

தமிழ்ச்செல்வி காது கேட்காதவள் போல எழுந்து போய்விட்டாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளைச் சொல்லிவிடாதீர்கள், அதற்கு ஒரு கதை உண்டு. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு கோழி திமிறியதில், ஊசி அவளுடைய இடது கட்டைவிரலிலேயே இறங்கிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும். எண்ணெய் கலந்த மருந்து, விரல் வாழைப்பூ போல வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு எழுதுகிறவன், "கோழி ஊசியா? அப்ப நாளைக்கு முட்டை போடுவியா?" என்று கேட்டான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளைக் கடைசி வரைக்கும் உட்கார வைத்தார்கள். கடைசியில் வந்த டாக்டர் கேட்காமல் கொள்ளாமல் விரலைக் கிழித்து, அவள் கத்தக் கத்த மூன்று ஊசி போட்டார். அந்த விரல் இன்றைக்கும் பாதிதான் மடங்கும். அன்றிலிருந்து தன் பக்கம் திரும்பிய ஊசியைப் பார்த்தால் அவளுக்குக் கண் இருட்டும். லட்சம் கோழிக்கு ஊசி போட்டவள், தனக்கு ஒரு ஊசி என்றால் ஓடுகிறாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மாதேஸ்வரனுக்கு மட்டும் தெரியும்.

புதன்கிழமை வந்தது. ஜூன் மாதம் பதினாறாம் தேதி. தமிழினி முள்ளுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேறான வரப்பில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் முட்டை அட்டைகளை அடுக்கி நாற்காலி செய்து வைத்திருந்தார்கள். போன் இல்லாதவர்களை எல்லாம் ஆதார் அட்டையை வைத்து, இருக்கிற போன்களில் நாலு நாலு பேராகப் பதிந்து முடித்தாள் அந்தப் பெண். கெட்டிக்காரி.

எண்ணிப் பார்த்தால் ஏழு பேர். ஒருத்தியின் வீட்டுக்காரர் ஆட்டை ஓட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாக மேய்ச்சலுக்குப் போய்விட்டாராம். இன்னொருவர் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மாதேஸ்வரனையோ ஆளையே காணோம். கழுவுற மீனில் நழுவுற மீன் அவர்.

"அவுரு எங்க போவாருன்னு எனக்குத் தெரியும்" என்று தமிழ்ச்செல்வி சேலையை இழுத்துச் செருகினாள்.

தொட்டிக்குப் பின்னால் காலிக் கோழிக்கூண்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதன் சந்தில் மாதேஸ்வரனின் துண்டு தெரிந்தது. பெண்கள் ஓடப் பார்த்தார்கள். "ஆரும் ஓடாதீங்க, ஓடுனா மெரளும்" என்று தமிழ்ச்செல்வி கிசுகிசுத்தாள். இருபத்து நாலு வருசத் தொழில்! இரண்டு பேர் தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள், ஆத்தாயி இடப்பக்கம், தமிழ்ச்செல்வி வலப்பக்கம், மெள்ள மெள்ள மூலைக்கு ஒதுக்கினார்கள். "றெக்கையப் புடி!" என்று ஆத்தாயி கத்தியதுதான் தெரியும், மாதேஸ்வரனின் முழங்கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டன.

"விடுங்கடி, வலிக்குது!"

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுங், வாங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

காலனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தமிழினிக்கு முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது. ஆனால் முட்டை அட்டையின் மேல் உட்கார வைத்ததும் தமிழ்ச்செல்வி கையை எடுத்துவிட்டாள்.

"இனி நான் புடிக்கல மாமா. போறதுன்னா போங்க. உங்களக் கட்டல்ல தூக்கிட்டு வரப்புல போனப்ப, பேச்சு நின்னா மூச்சு நின்னுதுன்னு அர்த்தம்னு ஒவ்வொரு அடியும் காதைத் தீட்டிட்டு நடந்தேன். இன்னொருக்கா அப்படி நடக்க என்னால ஆகாதுங்."

மாதேஸ்வரன் எழவில்லை. கொஞ்ச நேரம் அவள் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு, "நீ போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேன்" என்றார்.

வசமாக மாட்டினாள்! ஆத்தாயி கை தட்டினாள். தமிழ்ச்செல்வி சுற்றிலும் பார்த்தாள், ஓடுவதற்கு வழி இல்லை, தார்ப்பாயை இன்னும் விரித்துத்தான் பிடித்திருந்தார்கள். "சரி" என்றாள்.

"ஒன்பது" என்றாள் தமிழினி. "இன்னும் ஒரு ஆளு வேணும்க்கா."

கழிப்பறைக் கதவைத் தட்டினார்கள். வயிறு இன்னும் சரியில்லையாம். மற்ற வீடுகளில் கூப்பிட்டார்கள், எழுபத்திரண்டு வாரம் என்று பதில் வந்தது. மணி ஆறே கால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. தமிழினி பெட்டியின் பூட்டைப் போட்டாள். அப்போதுதான் முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் ஹாரன் விடாமல் அடித்தது.

பண்ணைக்காரர் செங்கோடன். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, ஊரில் பெரிய பண்ணை அவருடையது. முதல் முறை முள் வெட்டிப் போட்டபோது முன்னால் நின்றவரும் அவர்தான்.

"ஏம்புள்ள தமிழு! ஆறு மணிக்கு வாரேன்னு சொன்னது என்னாச்சு? மருந்தைக் கலக்கி ஐஸ்ல வெச்சிருக்கறேன். நாலாயிரம் குஞ்சு காத்துட்டு இருக்குது. எட்டு மணியோட மருந்து செத்துப்போகும்!"

தமிழ்ச்செல்வி முள்வேலிக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். அவள் மனசுக்குள் பளிச்சென்று ஒன்று எரிந்தது.

"இங்கயும் ஒரு பாட்டல் காத்துட்டு இருக்குதுங்க. ஒன்பது பேரு இருக்கறம். பத்தாவது ஆளு வந்தாத்தான் தொறப்பாங்க. தொறந்து போட்டாத்தான் நாங்க டெம்போ ஏறுவோம். நீங்க ஊசி போட்டுட்டீங்களா?"

செங்கோடனின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. போடவில்லை. முகாம் நடந்த நாளெல்லாம் சேலத்தில் வேலை என்று கிளம்பிவிடுவார். வேலையாவது ஒன்றாவது! ஊசியைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும், ஊர்க்காரர்கள் முன்னால் மயங்கி விழ மானம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விசயம்.

"என்ற தோட்டத்துக்கு வந்து போடச் சொல்லு."

"இங்கதான் சார் பதிஞ்சிருக்கேன், இங்கதான் போடுவேன்" என்று தமிழினி தொட்டிப் பக்கமிருந்து கத்தினாள். "ஏழு மணிக்குக் கிளம்பிடுவேன்!"

செங்கோடன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே கலக்கிய மருந்து, இங்கே பூட்டிய மருந்து. கலக்கினால் காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியாதா? தலைமுறை தலைமுறையாகக் கோழி வளர்க்கிறவர். வரப்பைப் பார்த்தார், சேறு. அந்த உடம்புக்கு வழுக்கினால் தூக்க நாலு பேர் வேண்டும். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து முள்ளை இழுக்க ஆரம்பித்தார். வெட்டிப்போட ஆறு பேர் வந்தார்கள், எடுக்க ஒருத்தர். வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்தது. "அந்தக் கெளையை மொதல்ல இழுங்க, அப்பறம் இது தானா வரும்" என்று தமிழ்ச்செல்வி பக்குவமாக யோசனை சொன்னாள். கை கொடுக்கவில்லை.

அவர் வியர்க்க விறுவிறுக்கத் தொட்டியடிக்கு வந்து முதல் அட்டையில் உட்காரப் போனார்.

"வரிசை இருக்குதுங்க" என்றாள் ஆத்தாயி.

பத்தாவது அட்டையில் போய் உட்கார்ந்தார்.

பாட்டில் திறந்தது. முதல் ஊசி தமிழ்ச்செல்விக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலசாமி பேரை முழுக்கச் சொல்லி முடித்தாள், பல்லைக் கடித்தாள், காத்திருந்தாள்.

"எந்திரிங்கக்கா, அடுத்தவங்க வரட்டும்."

"போடு கண்ணு, நான் தயாரு."

"போட்டு ஒரு நிமிசம் ஆச்சு."

தமிழ்ச்செல்வி கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அடிப்பாவி! உன்றது கையா இது? இந்த நர்ஸ் வேலையெல்லாம் உட்டுட்டு எங்க டெம்போவுக்கு வந்துரு" என்று கூவினாள். சந்தோசத்தில் தன் பையைத் திறந்து, கோழிக்கு வைக்கிற நீலச் சாயத்தை எடுத்து, தன் நகத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். பிறகு ஊசி போட்ட ஒவ்வொருத்தருக்கும் வைத்தாள். மாதேஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார். செங்கோடன் ஊசி போட்டுக்கொள்ளும்போது ஆத்தாயியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், போட்டு முடித்தும் விடவில்லை. அவர் நகத்திலும் நீலம் ஏறியது.

அரை மணி நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும் என்றாள் தமிழினி. பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். அப்போது கழிப்பறைக் கதவு திறந்து, "சரி, எனக்கும் போடுங்க" என்று ஒரு குரல் வந்தது. தீர்ந்துபோச்சு என்றார்கள். சிரிப்பில் அட்டை நாற்காலி ஒன்று சரிந்தது.

மாதேஸ்வரன் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு புதன். எழுபத்திரண்டு வாரம்னா அடுத்த வருசம் நவம்பர் ரெண்டாந்தேதி. அதுவும் புதன். தீபாவளி கழிஞ்சு ஒன்பதாம் நாளு. தீபாவளி பாத்துட்டுத்தான் போவோம், பரவால்ல."

செங்கோடன் ஓவென்று சிரித்தார். "போடா கிறுக்கா, நீயும் உன்ற கணக்கும்!" அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்குள் அந்த நாலாயிரம் குஞ்சுகளுக்கும் மருந்து போட்டு முடித்தார்களா என்று கேட்டால், எட்டேகால் ஆயிற்று. மருந்தைக் கலக்கி வைத்த செங்கோடன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் பத்துப் பேருக்கும் காய்ச்சல். மாதேஸ்வரன் இதோ தொடங்கிவிட்டது என்று சுவரைப் பார்த்துப் படுத்தார். "ஊசி போட்ட கோழி ரெண்டு நாளு சொணங்கும், மூணாம் நாளு தீனி கேக்கும், படுங்க" என்றாள் பக்கத்தில் படுத்திருந்த தமிழ்ச்செல்வி. மூன்றாம் நாள் கறிக்குழம்பு கேட்டார்.

செங்கோடனின் நகத்து நீலம் லேசில் போகவில்லை. பால் சொசைட்டியில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், எத்தனை நாள்தான் கையை மடக்கிக்கொள்வது? சொல்லிவிட்டார். அடுத்த புதன்கிழமை விடிகாலையில் காலனித் தொட்டியடியில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். காலனிக்காரர்கள் முப்பது பேர் அவர்களுக்கு முன்னால் நின்றார்கள். முள்ளை மறுபடி போட யாராவது நினைத்திருந்தாலும் முள் இல்லை. ஆத்தாயி வாரி வந்து அடுப்பில் வைத்து, ஒரு வாரமாக வெந்நீர்க் குளியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் ஊசியும் போட்டாயிற்று. மழை வந்தது, பொங்கல் வந்தது, வெயில் வந்தது, தீபாவளியும் வந்து போயிற்று.

நவம்பர் இரண்டாம் தேதி புதன்கிழமை காலையில் மாதேஸ்வரன் குளித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, திருநீறு பூசி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். லோடுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"இது என்னங் கோலம்?"

"எப்புடியும் போறது, நல்ல சட்டையோட போவோம்" என்றார்.

"வாயக் கழுவுங்க!" என்று தமிழ்ச்செல்வி கரண்டியோடு வந்தாள். அதற்குள் போன் அடித்தது.

"மாதேசா?" செங்கோடனின் குரல்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லடா. சும்மாதான். எப்படி இருக்கறே?"

"இருக்கறனுங்க."

"நானும் இருக்கறேன்டா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

மாதேஸ்வரன் போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "தமிழு, அவரும் எண்ணியிருக்காருடி!" அவ்வளவுதான், சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி சிரித்தார். நுரையீரல் பாதி போன மனிதர், சிரித்துச் சிரித்து இருமினார், இருமி இருமிச் சிரித்தார். தமிழ்ச்செல்வியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குள் போனவள் திரும்பி வரவில்லை.

தண்ணீர் குடிக்கப் போன மாதேஸ்வரன் அங்கே அவளைப் பார்த்தார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் சுவரில் நீலப் பொட்டுகள், எட்டெட்டாக ஒன்பது வரிசை. அவள் சாயக் குச்சியால் கடைசிப் பொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, இப்போது அது சிரிப்பு இல்லை.

"ஏன் தமிழு... நீயுமா?"

"ஊசி மேல எனக்கு நம்பிக்கைதானுங் மாமா" என்று அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒவ்வொரு புதன்கெழமையும் நீங்க எந்திரிச்சுப் பல்லு வெளக்கறதப் பாத்துட்டுத்தான் பொட்டு வெப்பேன்."

வெளியே டெம்போ ஹாரன் அடித்தது. ஆத்தாயி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாதேஸ்வரன் அவள் கையிலிருந்து குச்சியை வாங்கி, சாயத்தில் தோய்த்து, எழுபத்திரண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தார்.

"இது அடுத்த வாரத்துக்கு" என்றார். "போ, குஞ்சுக காத்துட்டு இருக்கும்."